செலினா கப்பலும் குற்றாலத்து முள்நாறிப் பழமும்

தென்காசி ரயிலடியை விட்டு வெளியே வந்ததும் காற்று என் குடையைத் திருப்பிப் போட்டது. பினாங்கில் முப்பது வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் நான். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆடியில் காற்று நுழையும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறேன். அந்த அம்புக்குறி ஆளையே தள்ளும் என்று தெரியாது.

"கொடையெல்லாம் இங்கன நிக்காதும்மா. சும்மா நனைங்க, சாரல்தான இது," என்றார் ஆட்டோக்காரர்.

எங்கள் ஊர் மழை கொட்டித் தீர்த்துவிட்டு அரை மணியில் ஓய்ந்துவிடும். இது மாவு சலிப்பதுபோல முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. வலுக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. விடுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் சேலை முழுக்க ஈரம். ஆனால் எந்த இடத்தில் நனைந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

நான் வந்தது ஒரு கப்பலைத் தேடி. மலையடிவாரத்தில் கப்பலுக்கு என்ன வேலை என்று அந்த நான்கு நாளில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. பினாங்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய அருங்காட்சியகம் 'செலினா' என்ற பழைய பாய்மரக் கப்பலைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறது. அதற்குத் தமிழில் விளக்க அட்டைகள் எழுதும் வேலையை ஓய்வு பெற்ற என்னிடம் கொடுத்திருந்தார்கள். எழுதி முடித்துவிட்டேன், ஒரே ஒரு அட்டையைத் தவிர.

செலினா தேக்கு மரத்தில் கட்டிய, மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல். கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்தில் வங்கக் கடலில் போய்வந்துகொண்டிருந்த எத்தனையோ வியாபாரக் கப்பல்களில் ஒன்று. சோழமண்டலக் கரையில் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் போகும். அங்கே இறக்கிவிட்டு மிளகு, பாக்கு, ஈயம், சாம்பிராணி ஏற்றிக்கொண்டு திரும்பும். கேப்டன் வெள்ளைக்காரர். பாய் ஏற்றி இறக்கியவர்கள் நம் கடற்கரை ஆட்கள். ஒரு முறை திருநெல்வேலிச் சீமையிலிருந்து விலங்கு மாட்டிய கைதிகளைக் கூட ஏற்றிப் போயிருக்கிறது. நாட்குறிப்பில் அந்தப் பயணத்தைப் பற்றிய பக்கத்தில் கைதிகளின் பெயர் ஒன்றுகூட இல்லை. துணி மூட்டைகளுக்கு மட்டும் ஒன்று விடாமல் அடையாளம் எழுதியிருக்கிறது.

கேப்டன் எழுதிய கப்பல் நாட்குறிப்பின் நகலை ஆறு மாதம் வைத்துப் படித்தேன். அதில் ஒரு பயணம் என்னை விடவில்லை. பினாங்கிலிருந்து தூத்துக்குடிக்குச் சரக்கோடு சரக்காகச் செடிகளும் ஏறின. மண் நிரப்பிய மரப்பெட்டிகளில் ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான் கன்றுகள். குற்றால மலையில் நட்டுப் பார்க்க வேண்டும் என்பது கும்பினியின் உத்தரவு. கூடவே ஒரு தமிழ்த் தோட்டக்காரன். மூன்றாம் நாள் மாலுமிகள் தளத்தில் உட்கார்ந்து, தமிழில் முள்நாறி எனப்படும் டுரியான் பழம் உடைத்துத் தின்றார்கள். நாற்றம் தாங்காமல் கேப்டன் கத்தியிருக்கிறார். தோட்டக்காரன் அந்தக் கொட்டைகளைப் பொறுக்கி, உடைந்த அரிசிப் பீப்பாயில் மண்ணைப் போட்டு ஊன்றிவிட்டான். அந்தப் பீப்பாயைப் பற்றிக் கேப்டன் எழுதிவைத்ததே அதைத் திட்டுவதற்காகத்தான்.

பிறகு காற்று நின்றுவிட்டது. பாய்கள் தொங்கின. குடிதண்ணீர் குறைய ஆரம்பித்ததும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று கேப்டன் உத்தரவு போட்டார். தோட்டக்காரன் எதிர்த்துப் பேசவில்லை. தனக்குக் கொடுத்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைப் பெட்டிகளில் தெளித்தான். சில நாளில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அப்புறம் மாலுமிகளில் இருவர் தங்கள் பங்கிலிருந்து ஒரு வாய் கொடுத்தார்கள். ஒருவழியாகத் தூத்துக்குடி வந்தது. 'செடிகள் செத்தவை போலத்தான் இருக்கின்றன, இறக்கியாயிற்று' என்பதோடு கேப்டன் அந்தப் பக்கத்தை முடித்துக்கொண்டார். செலினா பிறகும் நெடுங்காலம் ஓடியது. நீராவிக் கப்பல்கள் வந்தபின் பாய்மரங்களைக் கழற்றி, பினாங்குத் துறைமுகத்தில் கரி வைக்கும் கிடங்காகக் கட்டிப்போட்டார்கள். கடைசியில் உடைத்துப் பலகையாக விற்றார்கள்.

அருங்காட்சியகத்தில் அந்தச் செடிகளுக்கான அட்டையில் 'அனைத்தும் அழிந்தன' என்று போட்டுவிடலாம் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

முதல் நாள் இரவுச் சாப்பாடு புரோட்டாவும் மிளகு போட்டு வறுத்த கோழியும். எங்கள் ஊரில் இதே புரோட்டா ரொட்டி சானாய் என்று பெயர் மாற்றிக்கொண்டு, தொட்டுக்கொள்ள ஒரு சின்னக் கிண்ணத்தில் பருப்புக் குழம்போடு வரும். இங்கே பரிமாறியவர் கேட்காமலேயே பிய்த்துப் போட்டு, இலை நிறையச் சால்னாவை ஊற்றினார். "இப்படிச் சாப்பிட்டாத்தான் எறங்கும்," என்றார். இறங்கியது.

மறுநாள் குற்றாலம் போனேன். மலையில் பலத்த மழை என்று பெரிய அருவியில் குளிக்கத் தடை. துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஒரு பெருங்கூட்டம் அருவியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. நான் பழக்கடைகள் பக்கம் நடந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். ரம்பூட்டான், மங்குஸ்தான், மூங்கில் கூடையில் ஜாதிக்காய். எங்கள் ஊர்ச் சந்தையை யாரோ தூக்கிவந்து இறக்கியது மாதிரி இருந்தது.

கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். மங்குஸ்தானை நீட்டினாள். "தின்னு பாருங்கம்மா. குத்தாலத்த விட்டா ஒலகத்துல எங்கயும் கெடைக்காது."

"எங்க வீட்டுக் கொல்லையில ரெண்டு மரம் நிக்குதே," என்றேன்.

"எந்த ஊரு ஒங்களுக்கு?"

"மலேசியா. பினாங்கு."

"அப்ப இங்கருந்துதான் கொண்டுட்டுப் போயிருப்பாக."

"இல்லம்மா. அங்கிருந்துதான் இங்க வந்துச்சு. கப்பல்ல."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "குத்தாலத்துக்குக் கப்பலு எப்படிம்மா வரும்?"

தூத்துக்குடியில் இறக்கி மாட்டு வண்டியில் கொண்டுவந்திருப்பார்கள் என்று விளக்கினேன். தோட்டக்காரன் தண்ணீரைப் பங்கு போட்ட கதையையும் சொன்னேன். கேட்டு முடிப்பதற்குள் இரண்டு பேரைக் காக்க வைத்துவிட்டாள். "மேல எஸ்டேட்ல எங்க அத்தான்தான் மேனேஜரு. வடகரைக்காரரு. சொல்லுதேன், நாளைக்கு ஜீப்புல போய்ப் பாருங்க," என்று அப்போதே போன் போட்டாள்.

மூன்றாம் நாள் காலை எஸ்டேட் ஜீப்பில் ஏறியபோது அதில் மூன்று பேர் இருந்தார்கள். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கணேசன், ராயகிரிக்காரர், பட்டாளத்தில் இருக்கிறார். அவர் மனைவி மாரித்தாய். கணேசனின் அக்கா பேச்சியம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஜீப்பில் இடம் போட்டதும், தம்பி மனைவியை ஓரத்துக்கு நகர்த்தியதும், எனக்கு வழிவிட்டதும் அவர்தான்.

பாதி வழியில் ஒரு மரம் சாய்ந்து பாதையை மறித்திருந்தது. ஓட்டுநர் கீழே இறங்கி, அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார். கணேசன் சட்டைக் கையை மடித்தார். மனைவியும் இறங்கி மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஆனால் ஒரே மூச்சில் தூக்கி, ஒரே பக்கம் தள்ளினார்கள். பேச்சியம்மாள் ஜீப்பிலிருந்தபடியே, "ஏட்டி மாரி, நீ வெயிட்டு தூக்காதட்டி!" என்று சத்தம் போட்டார். பிறகு என்னிடம் திரும்பி, "எட்டு வருசமாச்சு டீச்சரம்மா. வயித்துல ஒண்ணும் தங்கல. துரியன் பழந் தின்னா தங்கும்னு சொல்லுதாக. அதான் வந்திருக்கோம். கீழ ஏலத்துல எல்லாத்தையும் எடுத்துட்டாக. மேல ஒரே ஒரு காய் மரத்துல நிக்கி. மேனேஜரு தாரேன்னுருக்காரு," என்றார்.

டுரியானுக்குப் பிள்ளை வரம் தரும் பழம் என்று ஒரு பெயர் இங்கே இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

மேனேஜர் சண்முகம் வாசலிலேயே நின்றிருந்தார். பொறுமையான மனிதர். கவையாகப் பிரிந்து நின்ற ஜாதிக்காய் மரங்களையும், உச்சியில் தளிர் சிவந்த கிராம்பு மரங்களையும், இருட்டு நிழல் கட்டிய மங்குஸ்தானையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் மரத்துக்கு மரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"இதெல்லாம் எத்தனை வயசுங்க?"

"வெள்ளக்காரன் வச்ச மரத்தோட பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்கன்னு சொல்லுவாங்க. எந்தக் கப்பல்ல வந்துச்சுன்னு மரத்துல எழுதியா இருக்கும்?"

நாட்குறிப்பின் பக்கத்தை அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன்.

"தண்ணி ஊத்துனவன் பேரு என்னம்மா?"

"தோட்டக்காரன்னு மட்டுந்தான் எழுதியிருக்கு."

"கப்பலுக்குப் பேரு வச்சவன் ஆளுக்குப் பேரு எழுதலையாக்கும்," என்றார்.

அன்று மத்தியானமே பினாங்கு அருங்காட்சியகத்துக்குப் போனில் பேசினேன். 'அனைத்தும் அழிந்தன' என்பதை எடுத்துவிடச் சொன்னேன். 'குற்றால மலையில் இந்த மரங்கள் இன்றும் காய்க்கின்றன. இவை செலினாவில் வந்தவைதாமா என்று சொல்ல முடியாது. வந்த செடிகளுக்குத் தன் குடிதண்ணீரைக் கொடுத்தவர் ஒரு தமிழர், பெயர் தெரியவில்லை' என்று போடும்படி எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஆதாரம் கிடைத்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஆனாலும் அப்படியே போட ஒத்துக்கொண்டார்கள். என் வேலை முடிந்தது. சாயங்கால ஜீப்பில் கீழே இறங்கியிருக்கலாம்.

இறங்கவிடாமல் செய்தது அந்த ஒற்றைக் காய்தான். டுரியான் மரத்தடியில் ஓர் ஆள் இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு ஏறத் தயாராக நின்றான். நான் பதறிப்போய் வேண்டாம் என்றேன். என் அப்பாவுக்குப் பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. நாங்கள் டுரியானை ஒருபோதும் பறித்ததில்லை. அது தானாக விழ வேண்டும். முன்னால் வெட்டினால் சுளை ருசிக்காது, சப்பென்று ரப்பர் மாதிரி இருக்கும்.

"நாளைக்குச் சாயந்திரம் எனக்கு ரயிலு டீச்சர். லீவு முடியுது," என்றார் கணேசன்.

"காம்பு நல்லாப் பழுத்துருச்சு. இந்தக் காத்துக்கு நாளைக் காலையில விழுந்துரும். என்னை நம்புங்க."

பேச்சியம்மாள் என்னை நம்பினார். பினாங்கு என்ற பெயருக்கு அங்கே அவ்வளவு மதிப்பு வந்துவிட்டிருந்தது. எல்லோரும் தங்குவது என்று முடிவாயிற்று. சொன்னபடி விழ வேண்டுமே என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. பொய்யான நம்பிக்கைக்காக மூன்று பேரைக் காக்க வைத்துவிட்டோமோ என்ற உறுத்தலும் கூடவே இருந்தது.

சாயங்காலம் ஓடையில் கால் கழுவப் போனபோது மாரித்தாய் பின்னாலேயே வந்தாள். முதல் முறையாக அவள் தனியாக வாய் திறந்தது அப்போதுதான்.

"யக்கா, ஒங்க ஊர்லயும் இதத் தின்னா பிள்ள உண்டாகும்னு சொல்லுவாகளா?"

இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையென்று சொன்னால் அவள் முகம் எப்படிப் போகுமோ. ஆமென்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

"எங்க ஊர்ல அது வெறும் பழம்மா. நான் பல்லு முளைச்ச நாள்லேர்ந்து வருஷம் தவறாம திங்கிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் மட்டுந்தான்."

அவள் சிரித்துவிட்டாள். உண்மையான சிரிப்பு. "எனக்கும் தெரியும்க்கா. போன வருசமும் தின்னேனே." பிறகு சிரிப்பு அடங்கி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "டாக்டரு கொற எனக்கில்லைன்னுட்டாருக்கா. அவுகளுக்குத்தான். சரி பண்ணிரலாம், மருந்து இருக்குன்னாரு. அவுக ரெண்டு நாளு சோறு தின்னல. பட்டாளத்துல இருக்க மனுசன், ஊர்ல எப்படித் தல நிமிந்து நடப்பாகன்னு நெனச்சுட்டு, எனக்குத்தான் கொறைன்னு மதினிட்ட நானே சொல்லிட்டேன். அவுகளும் ஒண்ணுஞ் சொல்லல. ஆசுபத்திரிக்கும் போகல. நாந்தான் கோயிலுக்கும் போறேன், பழமுந் திங்கேன்."

"கோபம் வரலையா?"

"வருஞ் சில நாளு. ஒரு தடவையாவது பக்கத்துல ஒக்காந்து அவுகளும் ஒரு வாய் தின்னா போதும்க்கா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பேச்சியம்மாள் மேலேயிருந்து கூப்பிட்டதும் எழுந்து போனோம்.

நான்காம் நாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் இரண்டுக்கு மேல் உள்ளே தள்ள முடியாமல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து ஒரு பெருங்காற்று இறங்கி வந்தது. கிளைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. பிறகு 'தொம்' என்று ஒரு சத்தம்.

கணேசன் இலையை விட்டு எழுந்து ஓடினார். துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். வாசம் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது. சண்முகம் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ அப்பாவின் தோட்டத்தில் நிற்பதுபோல் இருந்தது. அடிப்பக்கத்து ரேகையில் கத்தியைச் செருகித் திருப்பினேன். பழம் வாய் பிளந்தது. உள்ளே வெண்ணெய் நிறத்தில் சுளைகள்.

பேச்சியம்மாள் இலையை மாரித்தாய் முன்னால் நகர்த்தினார். "சாமியக் கும்பிட்டுட்டுத் தின்னுட்டி. ஒண்ணு விடாமத் தின்னுரணும்."

மாரித்தாய் சுளையைக் கையில் எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்கவில்லை. முப்பது வருடம் வகுப்பில் நான் ஒரு பொய் சொன்னதில்லை என்றே நினைக்கிறேன். அப்போது சொன்னேன்.

"இருங்க. எங்க பினாங்குல இதுக்கு ஒரு முறை இருக்கு. புருஷனும் பொஞ்சாதியும் ஒரே இலையில உக்காந்து பாதிப்பாதி சாப்பிடணும். இல்லாட்டிப் பலிக்காது."

மாரித்தாயின் கை அப்படியே நின்றது.

"அவன் எதுக்குத் திங்கணும்?" என்றார் பேச்சியம்மாள். "கொற என்ன அவனுக்கா இருக்கு?"

சண்முகம் எதையோ எடுக்கப் போவதுபோல எழுந்தார், பிறகு அப்படியே நின்றார். கணேசன் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் துண்டில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்நிய வீட்டு விஷயத்தில் கையை விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

கணேசன் வந்து மனைவிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத்தான்க்கா," என்றார்.

"என்னலே சொல்லுத?"

"கொற எனக்குத்தான். டாக்டரு அன்னைக்கே சொல்லிட்டாரு. இவ எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டா. நானும் வாய மூடிட்டு இருந்துட்டேன். இப்பப் போனதும் எங்க பட்டாளத்து ஆசுபத்திரில காட்டப் போறேன். இவளுக்கு இனிமே பழம் வேண்டாம், கோயிலு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்க்கா."

மாரித்தாய் சுளையை இலையில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கணேசன் அவள் முதுகில் கை வைத்தார். எங்கள் எல்லோர் முன்னாலும், அக்கா முன்னாலும்.

பேச்சியம்மாள் தம்பியைப் பார்த்தார். அவன் மனைவியைப் பார்த்தார். எட்டு வருடத்தில் இவளை என்னென்ன சொல்லியிருப்பாரோ, அதெல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போனது. நான் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து போய், குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்து மாரித்தாயின் பக்கத்தில் வைத்தார். "மூஞ்சியத் தொடச்சுக்கிடு தாயி," என்றார். ஏட்டி என்று கூப்பிடவில்லை.

பிறகு பழத்தைத் தன் பக்கம் இழுத்தார். முள் குத்துவதைப் பொருட்படுத்தாமல் தோட்டை இன்னும் அகலமாகப் பிளந்தார். இருந்ததிலேயே பெரிய சுளையாகத் தேடி எடுத்து, தம்பியின் வாய்க்கு நேரே நீட்டினார்.

"அப்ப நல்லாத் தின்னுலே."